அம்மம்மாவின் மண்வீட்டு நினைவுகளில் எதை அப்படியே எழுதலாம், எதைத் திரும்பக் கேட்க வேண்டும்

உங்கள் கேள்வி பார்வைக்கு மண்வீட்டைப் பற்றியது. உங்கள் அம்மம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மண்சுவரும் கிடுகுக் கூரையும் உள்ள வீட்டில் பிறந்து, கலியாணம் முடிக்கும்வரை அங்கேயே இருந்தவர். கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மலசலகூடமும் இல்லை. ஆனாலும் "எந்த வெயிலுக்கும் வீடு குளிர்ந்துதான் கிடக்கும், கிணத்துத் தண்ணி தேன், ஒருத்தருக்கும் ஒரு வருத்தம் (நோய்) வந்ததில்லை" என்று சொல்கிறார். நீங்கள் கனடாவில் இருந்து தொலைபேசியில் பதிவுசெய்து பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறீர்கள். மாமாவோ, "வயசானால் எல்லாருக்கும் பழசு இனிக்கும், இதையெல்லாம் வரலாறு என்று எழுதாதே" என்கிறார். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது அம்மம்மாவின் நினைவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது.

நான் திருகோணமலை மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஊர்களில் பி.எச்.ஐ. ஐயா என்பார்கள். அடுக்களைக்குள் போவது, கிணற்றை எட்டிப் பார்ப்பது, வளவின் பின்பக்கம் போய்ப் பார்ப்பது, இவைதான் என் தொழில். மூதூரைச் சூழ்ந்த கொட்டியாரப் பக்கமும் தம்பலகாமமும் நிலாவெளிக் கரையும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. கந்தளாய்க் குடியேற்ற வீடுகளும் நகரத்து வீடுகளும் வேறு மாதிரி, அவற்றுக்கு நான் கீழே சொல்வது பொருந்தாது. இத்தனை காலமும் வயதானவர்களோடு கதைத்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன நடந்தது என்று அவர்கள் சொல்வதில் பிழை குறைவு. அது ஏன் நடந்தது என்று சொல்லும் காரணத்தில்தான் கவனம் வேண்டும். எந்த ஆண்டில் நடந்தது என்பதை எப்போதும் வேறொன்றோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

வீடு குளிர்ந்து கிடந்தது என்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள். அது உண்மை, அதற்கு அவர் சொல்லும் காரணமும் உண்மை. காட்டுக்கம்பு நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, புற்றுமண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதித்துக் குழைத்த மண்ணை உருண்டை உருண்டையாக இரண்டு பக்கமும் அப்பிய சுவர் அது. தடித்த மண்சுவர் வெயிலை உடனே உள்ளே விடாது. மத்தியானச் சூடு சுவரைக் கடந்து உள்ளே வர நேரமாகும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கிடுகு, பனையோலை அடுக்குகளுக்கு இடையில் காற்று அடைபட்டு நிற்பதால் கூரை வழியாகவும் சூடு இறங்காது. தாழ்வாரத்தைக் குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்த்தி இறக்குவார்கள். அதனால் வெயில் சுவரில் படாது, மாரியில் மழை அடித்துச் சுவரைக் கரைக்கவும் செய்யாது. இன்றைக்கு அஸ்பெஸ்டஸ் தகட்டுக்குக் கீழே மின்விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு வியர்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாத கதையாகத் தெரியலாம். ஆனால் வெயிலை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த மண்வீடு நல்ல வீடு.

அவர் கச்சான் காற்றைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா? இல்லையென்றால் கேளுங்கள். வைகாசி தொடங்கி ஆவணிவரை மேற்கிலிருந்து வரண்டு அடிக்கும் அந்தக் காற்றுக்குத் திருகோணமலை மாவட்டத்தில் தப்பியவர் இல்லை. முகத்தில் அனல் அடிக்கும், மணலை அள்ளிக்கொண்டு வரும். கார்த்திகை மார்கழியில் எதிர்ப்பக்கம் வாடைக்காற்றும் மழையும். எனவே வாசல் எந்தத் திசை, எந்தச் சுவரில் யன்னல் வைக்கவில்லை, மாரிக்கு எந்தப் பக்கம் கிடுகுத் தட்டி கட்டினார்கள் என்று கேட்டால் அந்த வீட்டின் வரைபடமே அவர் வாயிலிருந்து வந்துவிடும். இப்படிப்பட்ட விஷயத்தை யாரும் கற்பனை செய்து சொல்வதில்லை.

கூரைதான் அந்த வீட்டின் ஓயாத செலவும் வேலையும். கிடுகு ஒன்றிரண்டு வருசத்தில் உக்கிவிடும், பனையோலை அதைவிடக் கொஞ்சம் தாங்கும். மாரி தொடங்கும் முன்னர் மாற்றியாக வேண்டும். தென்னோலையைக் குளத்திலோ மடுவிலோ ஊறப்போட்டுப் பதப்படுத்தி, பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து பின்னுவார்கள். வேயும் நாளில் அயலவர்கள் கூலி வாங்காமல் வந்து நிற்பார்கள், வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாடு போடுவார், அடுத்த கிழமை அவர்களுடைய கூரைக்கு இவர் போவார். "ஊரே ஒன்றாக இருந்தது" என்று அம்மம்மா சொன்னால் மாமா அதையும் வெறும் பேச்சு என்று தள்ளக்கூடும். அது பேச்சுக்குச் சொன்னது அல்ல. ஒரு குடும்பம் தனியாக நின்று மழைக்கு முன் கூரையை முடிக்க முடியாது, அதனால் கோபதாபம் இருந்தாலும் சேர வேண்டியிருந்தது.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தேன் போல இருந்தது என்பதை நம்புங்கள். கொட்டியாரக் குடாவைச் சுற்றியும் நிலாவெளி, குச்சவெளிக் கரையிலும் மணலுக்குள் இருக்கும் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது, இலேசானது என்பதால். நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர்வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அந்த மட்டம் கொஞ்சம் இறங்கினாலே உப்பு அதைப்போலப் பல மடங்கு மேலேறும். பூவல் என்ற ஆழமில்லாத மணற்கிணற்றைத் தோண்டி, பட்டையாலோ வாளியாலோ கையால் அள்ளியவரைக்கும் அந்த மட்டம் குலையவில்லை. பிறகு ஆழக் கிணறும் மோட்டரும் வந்தன, பல இடங்களில் உவர் ஏறியது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் துப்புரவாக்கவென்று திரும்பத் திரும்ப இறைத்ததில் சில கிணறுகளில் உப்புக் குறையாமல் கூடியதும் இதனால்தான். ஆகவே, "அந்தக் காலத்துத் தண்ணி இப்ப இல்லை" என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இனிப்பான தண்ணீர் என்பதால் அது சுத்தமான தண்ணீர் என்று எழுதிவிடாதீர்கள். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைப்பார்கள். மண்ணைச் சேர்த்துக் கீழே படிய வைக்கும் பொருள் அந்தக் கொட்டையில் உண்மையாகவே இருக்கிறது, படியும் மண்ணோடு கிருமிகளில் ஒரு பங்கும் போகும். மீதி தண்ணீரில்தான் நிற்கும். மண்பானையில் வெளியே கசிந்து காயும் ஈரம் தண்ணீரைக் குளிர வைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. கட்டுக்கல் இல்லாத பூவலில் முதல் மழைக்கு வளவு முழுவதும் கழுவுப்பட்டு வந்து விழும். மலசலகூடம் இல்லாத ஊரில் அதன் பொருள் உங்களுக்குப் புரியும். வாந்திபேதியும் வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் (தைபொயிட்டும்) அந்த வழியாகத்தான் வந்தன. பற்றைக்குள் வெறுங்காலோடு போய்வந்த பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு உள்ளங்கால் தோல் வழியாகவே ஏறியது. சோகை பிடித்து வெளிறிப்போன பிள்ளையை "மண் தின்னுது" என்று அடித்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

சாணி மெழுகுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "சாணி கிருமியைக் கொல்லும்" என்று இணையத்தில் நிறைய எழுதுகிறார்கள். மெழுகிய தரையில் தூசி எழும்பாது, வெடிப்பு அடைபடும், கால் வைக்க இதமாக இருக்கும். அதுவரைக்கும் சரி. கிருமிநாசினி என்று எழுதாதீர்கள். பிறந்த பிள்ளையின் தொப்புளுக்குச் சாணியோ சாம்பலோ வைத்த இடங்களில் ஏற்புவலி (டெட்டனஸ்) வந்து பிள்ளைகள் இறந்தது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம்.

இனி, ஒருத்தருக்கும் வருத்தம் வந்ததில்லை என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் மாமா இதைத்தான் பொய் என்று நினைக்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், காரணம் அவர் பிறந்த காலம். வறண்ட வலயம் முழுவதும் போலத் திருகோணமலையும் மலேரியா நிலம். முறைக்காய்ச்சல் வந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்காத வீடு இருக்கவில்லை. 1940களின் நடுப்பகுதியில் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. என்ற நுளம்பு மருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். காய்ச்சல் விழுந்தது. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவானது வெறும் 17 பேர். அம்மம்மா சின்னப்பிள்ளையாக ஓடித்திரிந்தது சரியாக இந்த இடைவெளியில்தான். தன் தாய் சொன்ன காய்ச்சல் கதைகளைத் தன் கண்ணால் காணாமல் வளர்ந்த முதல் தலைமுறை அவர். எனவே அவர் சொல்வது அவர் கண்ட அளவில் பெருமளவு உண்மை. மண்வீட்டையும் குரக்கன் கூழையும் அவர் காரணமாகச் சொல்வார், ஆனால் முக்கிய காரணம் சுவரில் அடித்த மருந்து. அதே காலத்தில் ஆஸ்பத்திரிகளும் குடும்ப நல மருத்துவிச்சிமாரும் இலவச மருத்துவமும் பரவின. நாட்டில் மரணங்கள் குறைந்ததில் மருந்தின் பங்கு எவ்வளவு, இவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மலேரியா குறைந்ததில் மருந்தின் பங்கு பெரிது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மருந்தடிப்பு குறைந்ததும் காய்ச்சல் திரும்ப வந்தது. 1960களின் கடைசியில் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். டி.டி.ரி.க்கு நுளம்பு பழகிவிட, 1977 இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள். அந்த மலத்தியன் காலத்தில்தான் நான் மண்சுவரோடு போராடினேன். மண் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் சீமெந்துச் சுவரில் நிற்கும் அளவுக்கு அதில் வேகம் நிற்காது. அதற்கும் மேலாக, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்காரி சுவரைப் புதிதாக மெழுகினால் மருந்து புது மண்ணுக்குள் புதைந்துபோகும். "அம்மா, கொஞ்ச மாதத்துக்கு இந்தச் சுவரை மெழுகாதையுங்கோ" என்று கேட்டு நின்றால், "நல்லநாள் பெருநாளுக்கு வீடு இப்படியே கிடக்கிறதோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். மருந்து நாற்றத்துக்குக் கதவைத் திறக்காதவர்களும் உண்டு. மெழுகுவது அவர்களுக்கு வெறும் துப்புரவு அல்ல, வீட்டின் மரியாதை என்பதை நான் அப்போது கண்டேன். அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், மருந்தடிக்க வரும் நாளில் பானை சட்டி எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று. உள்நாட்டிலேயே தொற்றிய மலேரியா கடைசியாகக் கண்டது 2012 இல். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் தந்தது.

இன்னொன்றைக் கொஞ்சம் மென்மையாகக் கேட்க வேண்டும். அம்மம்மாவின் தாய்க்கு எத்தனை பிள்ளைப்பேறு, அதில் எத்தனை பேர் வளர்ந்தார்கள் என்று கேளுங்கள். 1946 இல் நாட்டில் உயிரோடு பிறந்த 1,000 பிள்ளைகளில் ஏறத்தாழ 140 பேர் ஒரு வயதைக் காணவில்லை. "வருத்தம் இல்லை" என்று சொன்ன அதே வாய் "எனக்கு மேல ரெண்டு தங்கேல்ல" என்றும் சொல்லும். முன்னே சொன்னதை அவர் மாற்றுகிறார் என்று எடுக்க வேண்டாம். பச்சைக்குழந்தை இறப்பதை அந்தத் தலைமுறை நோய்க்கணக்கில் சேர்த்ததே இல்லை. அவர் கதைக்க விரும்பாவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

விளக்கையும் அடுப்பையும் பற்றி அவர் சொல்வதெல்லாம் எழுதத் தக்கது. குப்பிவிளக்கு அடுக்களைக்கு, அரிக்கன் லாம்பு விறாந்தைக்கு, பெற்றோல்மாக்ஸ் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் என்று ஒரு முறை இருந்தது. பின்னேரமானால் லாம்புச் சிமிலியைச் சாம்பலும் பழந்துணியும் போட்டுத் துடைப்பது பிள்ளைகளின் வேலை, கை சிறியது உள்ளே நுழையும் என்பதால். 1981 குடிசன மதிப்பீட்டில்கூட நாட்டில் ஏறத்தாழ 15 வீதமான வீடுகளில்தான் மின்விளக்கு எரிந்தது, ஆகவே கரண்ட் இல்லாமல் வளர்ந்தது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த வறுமை அல்ல. அடுப்பில் நெருப்பைச் சாம்பலுக்குள் மூடி வைப்பார்கள், அணைந்துபோனால் பொச்சுமட்டையோடு பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். அடுப்புக்கு மேலே புகையில் விதைகளும் புளியும் தொங்கும், பூச்சி அண்டாது, கூரையும் நீடிக்கும். அந்தப் புகையையேதான் அம்மம்மாவின் தாயும் விடியமுதல் இரவுவரை சுவாசித்தார். பெண்களின் இளைப்பும் கைக்குழந்தைகளின் சளிக்காய்ச்சலும் விறகுப்புகையோடு சேர்ந்தவை என்பது இன்று உறுதியாகத் தெரிந்தது.

இங்கே நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அம்மம்மா அந்த வீட்டில் பிள்ளையாக இருந்தார், வீட்டை நடத்தியவர் அவருடைய தாய். நெல் அவித்து, காயவைத்து, உரலில் குத்தி, சுளகில் புடைத்து, பூவலுக்கு நடந்து, எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியில் கிடந்ததை வழித்துச் சாப்பிட்டவரின் கதை இந்தப் பதிவில் இன்னும் வரவில்லை. "வீடு எப்படி இருந்தது" என்ற கேள்விக்கு அது வராது. "உங்கட அம்மா எத்தனை மணிக்கு எழும்புவா, எப்ப சாப்பிடுவா, எந்த இடத்தில இருந்து சாப்பிடுவா" என்று கேட்டால் வரும்.

ஆண்டுகளுக்கு வருவோம். அவர் சொல்லும் எண்ணை அப்படியே எழுதாமல், ஊரறிந்த நிகழ்வு ஒன்றோடு கட்டிக் கேளுங்கள். 1957 மார்கழி வெள்ளம், அதே ஆண்டில் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனது, 1964 மார்கழிச் சூறாவளி, 1970களின் நடுவில் பாணுக்கு வரிசையில் நின்று மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்ட பஞ்சம், 1978 கார்த்திகைச் சூறாவளி. இரண்டு சூறாவளிகளையும் மாற்றிச் சொல்பவர்கள் நிறைய. 1964 இல் அடித்தது திருகோணமலையை, 1978 இல் பெரிதாக அடிபட்டது மட்டக்களப்பு. கூரை போனது கலியாணத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நகரத்துக்குப் போன கதையாக இருந்தால் லாஞ்சிலா (மோட்டர் படகிலா), பாதையில் (வாகனங்களை ஏற்றிக் கடத்தும் மிதவையில்) ஆறு கடந்தா என்று கேளுங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைதான்.

சூறாவளி மாறுவதைவிடப் பெரிய கலப்பு ஒன்று உண்டு. கொட்டியாரப் பக்கத்து மக்கள் 1985 இலும் 1990 இலும் 2006 இலும் இடம்பெயர்ந்தவர்கள். ஒவ்வொரு முறையும் ஓலைக் கொட்டிலில் இருந்திருக்கிறார்கள். பிறந்த வீட்டின் ஓலையும் இடம்பெயர்ந்த கொட்டிலின் ஓலையும் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கேட்கும் பேரப்பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது. பாம்பு வந்த இரவு, கூரை ஒழுகிய மாரி என்று ஒரு கதை வந்தால், அது யாருடைய வளவு, வேலி என்ன வேலி, படலை (வேலிக் கதவு) எந்தப் பக்கம் என்று கேளுங்கள். படலை இருந்தால் பெரும்பாலும் அது சொந்த வளவு.

மாமாவிடம் சண்டை பிடிக்காமல் அவரையும் தனியாக இருத்தி இதே கேள்விகளைக் கேளுங்கள், அவர் பார்த்த வீடு அம்மம்மா பார்த்த வீட்டுக்கு இருபது வருசம் பிந்தியதாக இருக்கலாம். இருவரும் ஒத்துச் சொல்வதை அப்படியே எழுதுங்கள், ஒவ்வாததை இரண்டு பேரின் பெயரிலும் தனித்தனியாக எழுதுங்கள். முழு மண்வீடு இப்போது எளிதில் அகப்படாது, ஆனால் கரைவலை வாடிகளில் கிடுகு வேய்வதை இன்னும் காணலாம். யாராவது உறவினரைக் கொண்டு அதை வீடியோ எடுப்பித்து அம்மம்மாவுக்குக் காட்டுங்கள், கட்டு சரியில்லை, ஓலை போதாது என்று அவரே தொடங்குவார், நீங்கள் பதிவை ஓடவிட்டாலே போதும்.